யாரும் அணைக்காத கற்பூரம்

செஞ்சியில் என் கடை வாசலில் நின்றால் ராஜா கோட்டையும் ராணி கோட்டையும் ஒருசேரத் தெரியும் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. உண்மை என்னவென்றால், எதிரே இருக்கும் செருப்புக் கடையின் பிளக்ஸ் போர்டு இரண்டு கோட்டையிலும் பாதியை மறைத்துவிட்டது. மிச்சப் பாதிகளைச் சேர்த்து ஒரு கோட்டை என்று வைத்துக்கொள்ளலாம். கடையில் ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள், அவற்றில் ஒன்றுக்கு மூன்று கால். டைப்பிங் செய்யப்படும், மனு எழுதித் தரப்படும்.

நிறையப் படித்தவள் என்ற கெட்ட பெயர் எனக்கு உண்டு. அதை நான் மனுக்களில் காட்டிக்கொள்வேன். பெண்கள் யார் வந்தாலும், "ஆதரவற்ற நிலையில் கண்ணீர் மல்கத் தங்கள் பாதம் பணிந்து எழுதிக்கொள்வது" என்று ஆரம்பித்துவிடுவேன். அந்த வரியைக் கம்ப்யூட்டரிலேயே சேமித்து வைத்திருக்கிறேன். ஒரு முறை குடும்ப அட்டை முகவரி மாற்றத்துக்குக்கூட இதே வரியைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷன் படித்துப் பார்த்துவிட்டு, "நான் கல்லு மாதிரி குந்தினுகிறேன், இவ எப்டிம்மா ஆதரவு இல்லாதவ?" என்று சண்டைக்கு வந்தான். அப்போதும் நான் அந்த வரியை அழிக்கவில்லை. நல்ல வரி.

வல்லத்தைத் தாண்டி உள்ளே போகிற ஒரு கிராமத்திலிருந்து அவள் வந்தபோதும் அதே வரியில்தான் ஆரம்பித்தேன். நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு வயதிருக்கும். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிப் பிடுங்கி விரல் நுனிகள் தடித்துப்போயிருந்தன. பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் கீபோர்டையே பார்த்தாள். அதுதான் கேட்டு எழுதிக்கொள்கிறது என்று நினைத்தாளோ என்னவோ.

விஷயம் இதுதான். அவள் புருஷனும் அவன் தம்பியும் அப்பன் நிலத்தை வாய்ப்பேச்சாகவே பிரித்துக்கொண்டவர்கள். பள்ளத்து நஞ்சை தம்பிக்கு, மேட்டுக் கொல்லை எண்பது சென்ட்டும் கிணற்றில் பாதியும் அண்ணனுக்கு. பட்டா மட்டும் கூட்டுப் பட்டாவாகவே கிடந்தது. அண்ணன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். கருமாதி முடிந்த மறு வாரமே தம்பி ஒரு கதை கொண்டுவந்தான். கடைசி நேரத்தில் அண்ணன் தன் கையைப் பிடித்துக்கொண்டு, "கொல்லைய நீயே வச்சிக்கடா" என்று சொல்லிவிட்டுப் போனானாம். அப்போது பக்கத்தில் வேறு யாரும் இல்லையாம். அதன் பிறகு மோட்டார் ரூமுக்குப் புதுப் பூட்டு வந்தது.

"என் பொண்ணு விழுப்புரத்துல நர்சு படிக்குதுக்கா. அந்தக் கொல்லைய வுட்டா எங்களுக்கு ஒண்ணும் இல்ல," என்றாள். அழவில்லை. கண்ணீர் மல்க என்று நான்தான் அவளுக்காக டைப் அடித்தேன்.

ஐந்து மனுக்கள் எழுதினேன். ஓரிடத்தில் இது சிவில் விவகாரம் என்றார்கள். ஓரிடத்தில், கூட்டுப் பட்டாவைப் பிரிக்க வேண்டுமானால் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டுப் பதிந்த பாகப்பிரிவினைப் பத்திரம் வேண்டும் என்றார்கள். இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீல் பெண் பொறுமையாகக் கேட்டு, தம்பிக்கு நோட்டீஸ் அனுப்பினாள், அவன் வரவில்லை. "கேஸ் போடலாம்மா. ஜெயிப்பீங்க. ஆனா எந்த வருஷம்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க," என்றாள் அந்தப் பெண். எல்லாருமே சரியாகத்தான் சொன்னார்கள். அதுதான் எரிச்சல். யாரையாவது திட்டலாம் என்றால் ஆள் கிடைக்கவில்லை. எங்கே சுற்றினாலும் பாதை தம்பியின் கையெழுத்தில் வந்து முட்டி நின்றது.

பிறகுதான் ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர் கூடி, சத்தியத்துக்கு விட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள்.

இது இந்தப் பக்கத்து வழக்கம். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் வாசலில் கட்டிக் கற்பூரம் கொளுத்துவார்கள். உரிமை கேட்கிறவர் தன் பேச்சைச் சொல்லி, "பொய்யின்னா என் குடும்பம் வெளங்காது" என்று முடித்து, உள்ளங்கையால் கற்பூரத்தை அணைக்க வேண்டும். அணைத்துவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது. ஊரில் அதற்கு மேல் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. அணைக்க வராதவர் விட்டுக்கொடுத்தவர் ஆகிவிடுவார். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லை என்று என் கடையில் உட்கார்ந்துகொண்டு தைரியமாகச் சொல்லவும் செய்தேன்.

"வர்ற அமாவாசை. காலைல ஒம்போது மணிக்கு," என்றாள்.

"அணைச்சுட்டு வந்துடு. உன் பக்கம்தானே நியாயம்?"

"தேதி குறிச்சது என் ஓரகத்திக்கா." ஓரகத்தி என்றால் அந்தத் தம்பியின் பெண்டாட்டி. "பன்னெண்டு வருசம் ஒரே வூட்ல இருந்தோம். ஒரே கொடில துணி காயப் போட்டோம். அங்க இருந்த வரைக்கும் எனக்கு அமாவாசைன்னா அமாவாசைதான். கேலண்டர்ல தாள் கிழிக்கறதே என்னப் பாத்துதான் கிழிப்பா அவ."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. வீட்டுக்குத் தூரமான பெண் கோயில் வாசலைத் தாண்ட மாட்டாள். தாண்டாவிட்டால் அணைக்க முடியாது. அணைக்காவிட்டால் கொல்லை போயிற்று. கூட்டம் சேரும் நாள், அம்மனுக்கு உகந்த நாள், இதைவிட நல்ல நாள் உண்டா என்று பெரியவர்களும் தலையாட்டியிருப்பார்கள். ஒரு பொம்பிளை இன்னொரு பொம்பிளையிடம் பன்னிரண்டு வருஷம் கூடவே இருந்து தெரிந்துகொண்டதை வைத்து எவ்வளவு துல்லியமாகக் கண்ணி வைத்திருக்கிறாள்!

"தேதிய மாத்தச் சொல்லு."

"இன்னான்னு சொல்லி மாத்தச் சொல்றது? மூணு ஆம்பளைங்க குந்தினுகிறாங்கோ."

அவள் போன பிறகு எனக்குக் கை ஓடவில்லை. மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை உண்டு என்பது ஞாபகம் வர, கடையைப் பூட்டிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர். தெரிந்தவராக இருப்பதில் உள்ள கஷ்டம் அப்போதுதான் தெரிந்தது.

"யாருக்கும்மா?"

"எனக்குத்தான்," என்றேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு.

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பின்னால் நின்ற இரண்டு பேரும் பார்த்தார்கள். "டாக்டரக் கேட்டுப் போடுங்க," என்று மட்டும் சொல்லி அட்டையைக் கொடுத்தார். அதை அவளிடம் கொடுத்தபோது அவள் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஒரு பெண்ணுக்கு நீதி கிடைக்க நான் செய்த பெரிய காரியம் அது என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அமாவாசையன்று ஸ்பெஷல் பஸ்ஸில் இருவரும் ஏறினோம். என் பையில் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் வரைவு இருந்தது. ஜெயித்தால் சூட்டோடு சூடாகக் காட்டலாம் என்று அடித்து வைத்தது. தோற்றால் பின்பக்கத்தில் டெஸ்ட் பிரின்ட் எடுக்கலாம். பஸ்ஸில் எலுமிச்சம்பழமும் வேப்பிலையும் வியர்வையும் சேர்ந்து மணந்தன. அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, அறுத்துப்போட்ட கரும்பைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"மாத்திர போட்டியா?" குசுகுசுவென்றுதான் கேட்டேன். முன் சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள்.

"பாத்துக்கலாம்க்கா."

"போடலியா? சரி, வுடு. உள்ள போ, அணை, வந்துடு. யாருக்குத் தெரியப் போவுது?"

அவள் மெல்லத் திரும்பினாள். "ஆத்தாளுக்குமா தெரியாது?"

சாமியே இல்லை என்று சொல்லிக்கொள்கிற நான், பையைத் திறந்து வரைவு இருக்கிறதா என்று மறுபடி பார்த்தேன். மேல்மலையனூர் வரும்வரை என் அடிவயிறுதான் வலித்தது.

கோயில் வாசலுக்கு வலப்பக்கம், கூட்டத்துக்குக் கொஞ்சம் ஒதுங்கினாற்போல பெரியவர்கள் நின்றிருந்தார்கள். தம்பி வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி, மாப்பிள்ளைபோல வந்திருந்தான். அவன் பெண்டாட்டி மஞ்சள் குளித்த முகத்தோடு அவனுக்குப் பின்னால் நின்றாள். பெரியவர்களில் மூத்தவர் வாசலுக்கு உள்ளே நாலடியில் பித்தளைத் தட்டை வைத்தார். கற்பூரம் இன்னும் ஏற்றவில்லை.

"வாம்மா. நீதான் மொதல்ல," என்றார்.

அவள் வாசற்படி வரை போனாள். படிக்கு இப்பால் நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"வாம்மா, மணி ஆவுதில்ல?"

அவள் நகரவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

ஓரகத்தி முன்னால் வந்தாள். சொல்ல வேண்டிய நேரம் அவளுக்குத் தெரிந்திருந்தது. "அக்கா உள்ள வர மாட்டாங்க பெரியப்பா. அவங்க… வூட்டுக்குத் தூரம்."

பெரியவர்கள் மூவரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள். தம்பி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "அப்ப பேச்சு முடிஞ்சுது. நாங்க இன்னா பண்றது? ஆத்தாளே வாசல்ல நிறுத்திட்டா," என்றான்.

சட்டம், மனு, அரசியலமைப்பு என்று என் தலைக்குள் ஓடிய எதுவும் அந்த இடத்தில் பேசக்கூடியதாக இல்லை. அவள் தோளைத் தொட்டேன். அவள் என் கையை எடுத்துக் கீழே விட்டாள்.

"சரி பெரியப்பா," என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. "நான் படி தாண்டல. கொல்லை அவரோடதாவே இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு. எங்க வூட்டுக்காரரு சொன்னதக் கேட்டவரு இவரு ஒருத்தருதான். நான் கேக்கல, நீங்களும் கேக்கல. கேட்டவரு அத ஆத்தா முன்னாடி சொல்லி அணைக்கட்டும். அணைச்சுட்டா நானும் என் பொண்ணும் அந்தப் பக்கம் தல வச்சிக்கூடப் படுக்க மாட்டோம்."

"நான் ஏன் அணைக்கணும்? கேக்கறவங்கதான் அணைக்கணும்," என்றான் தம்பி.

மூத்தவர் தாடையைத் தடவினார். "அதுலயும் நாயம் இருக்குதுப்பா. சொல்லக் கேட்டவன் நீதான?"

"உங்கிட்ட நெஜம் இருந்தா அணைச்சுட்டுப் போயேன்," என்றார் இன்னொருவர். வேடிக்கை பார்க்க நாலு பேர் கூடிவிட்டிருந்தார்கள். பின்வாங்க இடமில்லை.

"கொளுத்துங்க," என்றான்.

கற்பூரம் ஏற்றினார்கள். பெரிய கட்டி. காற்றில் சுடர் ஒரு பக்கம் சாய்ந்து கறுப்புப் புகையாக எழுந்தது. அவன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தான்.

"எங்கண்ணன் கொல்லைய எனக்குத்தான் குடுத்துச்சு. இது சத்தியம்." தடுமாறாமல் சொன்னான். நான் கையெழுத்து வாங்கித் தந்த எத்தனையோ உறுதிமொழிப் பத்திரங்களைவிட நன்றாகவே சொன்னான்.

"மிச்சத்தையும் சொல்லு. பொய்யின்னா எங்குடும்பம் வெளங்காதுன்னு," என்றார் ஒரு பெரியவர்.

"குடும்பம்னா?" இது அவன் பெண்டாட்டி.

"நீயும் உங்க புள்ளைங்களும்தாம்மா. வேற யாரு?" என்றார் மூத்தவர்.

"பொய்யின்னா எங்குடும்பம்…" அவன் கையைத் தூக்கினான். உள்ளங்கை சுடருக்கு மேலே வந்துவிட்டது. அவள் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாங்க."

"கைய வுடுடி."

"உன் பேர மட்டும் சொல்லி அணை. புள்ளைங்கள வுட்டுடு."

"அப்டி வழக்கம் இல்லியேம்மா," என்றார் பெரியவர். பாவம், அவர் உண்மையிலேயே வழக்கத்தைத் தேடிப் பார்த்துத்தான் சொன்னார்.

"அப்ப அணைக்க வேணாம்." அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவன் இழுத்தான். அவளுடைய கண்ணாடி வளையல் ஒன்று உடைந்து தட்டில் விழுந்தது. அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். கூட்டம் இல்லையென்றால் அந்தக் கை என்ன செய்யும் என்பது அந்த முகத்தில் எழுதியிருந்தது.

"உம்புருசன் சொல்றது நெஜம்னா நீ ஏம்மா பயப்படற?" என்றார் மூத்தவர்.

அவள் பிடித்த கையை விடவில்லை. நாங்கள் எல்லாரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். சுடர் குட்டையாகி, நீலமாகி, வளையல் துண்டைச் சுற்றி ஒரு முறை ஓடி, தானாக முடிந்தது.

பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். அணைத்தால் இன்னது, வராவிட்டால் இன்னது என்று வழக்கம் இருக்கிறது. கற்பூரம் தானாக எரிந்து முடிந்தால் என்ன செய்வது என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை. "அடுத்த அமாவாசை பாத்துக்கலாம்," என்றார் ஒருவர். தம்பி எழுந்து வேட்டியைத் தட்டினான்.

"பாத்துக்கலாம் பெரியப்பா," என்றாள் படிக்கு வெளியே நின்றவள். "அப்பவும் நான் வரேன். அவரே அணைக்கட்டும். இவளும் வரட்டும்."

ஓரகத்தி நிமிர்ந்தாள். "நான் வர மாட்டேன். எம்புள்ளைங்களும் வராது." பிறகு புருஷனைப் பார்க்காமலே சொன்னாள்: "கையெழுத்துப் போட்டுக் குடுத்துடு."

அதற்குமேல் பெரியவர்களால் வேறு மாதிரி பேச முடியவில்லை. வெள்ளிக்கிழமை பத்திர ஆபீஸ் என்று முடிவானது. நான் வரைவை எடுக்கிறேன் என்று பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, வாசலெல்லாம் காகிதம் பறக்க, பொறுக்கி எடுத்தேன். அன்றைய நிகழ்ச்சியில் என் பங்கு அவ்வளவுதான்.

திரும்பும் பஸ்ஸில் அவள் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். ஒன்றுகூடக் குறையவில்லை.

"கடைல திருப்பிக் குடுத்துடுக்கா. எனக்கு மாசம் நின்னு வருசம் ஆவப்போவுது."

அந்த வீட்டில் இருந்த வரைக்கும் என்று அன்றைக்கே சொன்னாள். நான்தான் மருந்துக் கடைக்கு ஓடும் அவசரத்தில் கேட்கவில்லை. ஓரகத்தியும் கேட்கவில்லை; அவள் பழைய கொடியிலேயே துணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீயே போய் அணைச்சிருக்கலாமே! நெஜம்தானே?"

"நெஜம்தான். அதுக்குன்னு எம்பொண்ணு தலைமேல கற்பூரம் கொளுத்துவேனா? நாளைக்கு அதுக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட ஊரு இன்னா சொல்லும்?"

"ஆத்தா வாசல்ல பொய் சொல்லலாமா?" விட மனசில்லாமல் கேட்டேன்.

"நான் எங்க பொய் சொன்னேன்? அவ சொன்னா. நான் இல்லன்னு சொல்லல."

சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று சட்டப் புத்தகத்தில் படித்து, கோடு போட்டு வைத்திருக்கிறேன். அதை ஐந்து மனுக்களிலும் எழுதியிருந்தேன். அவளோ செருப்பைக்கூடக் கழற்றாமல் செய்து முடித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை தம்பி வந்தான். கையெழுத்துப் போட்டான், கைரேகை வைத்தான். சாட்சிக்குப் பெரியவர்கள் இருவர். அவன் பெண்டாட்டியும் வந்து ஓரமாக நின்றாள். அவள் வலது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கன்றிப்போயிருந்தது. முந்தானையால் மூடப் பார்த்தாள். இப்போது கொல்லைக்காரி ஆகிவிட்டவள் அதைப் பார்த்தாள். பத்திரத்தைக் கையில் வாங்கிய பிறகும் அவள் பார்வை அங்கேயே இருந்தது. நான் ஜெயித்த சந்தோஷத்தில் டீ வாங்கப் போய்விட்டேன்.

மூன்று வாரம் கழித்து இரண்டு பேரும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். ஓரகத்தியின் உதடு ஒரு பக்கம் வீங்கியிருந்தது. "அமாவாசைலேர்ந்து தெனமும் இதுதான்க்கா," என்றாள் கொல்லைக்காரி. "நேத்து வெளிய தள்ளிக் கதவச் சாத்திட்டான். புள்ளைங்களும் இவளும் எங்கூட்லதான் இருக்குதுங்க. எழுது."

மூன்று கால் நாற்காலியை நான் எடுத்துக்கொண்டு நல்ல நாற்காலியை அவளுக்குத் தள்ளினேன். பழக்கதோஷத்தில் விசையைத் தட்ட, அந்த வரி திரையில் வந்து விழுந்தது. கொல்லைக்காரி எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"ஆதரவற்றன்னா இன்னாக்கா?"

"யாருமில்லாதவங்கன்னு அர்த்தம்."

"அப்ப நான் யாரு? அத எடு."

எடுத்தேன். வெறும் திரை. இத்தனை வருஷத்தில் ஒரு மனுவை எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியாமல் போனது அன்றைக்குத்தான்.

"எங்கேர்ந்து சொல்றதுன்னு தெரியலியே," என்றாள் ஓரகத்தி.

"அவன் கையப் புடிச்சியே, அங்கேர்ந்து சொல்லு," என்றாள் மற்றவள்.